துலக்கிய ரூபாய்

உன் கார்டு வியாழக்கிழமை வந்தது. கார்டில் எழுதியிருக்க வேண்டாம். உறையில் போட்டிருந்தால் நம் வீட்டு விஷயம் தபால்காரருக்குத் தெரிந்திருக்காது. அவர் படித்தாரா என்று நிச்சயமில்லை. ஆனால் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்காமல் கொடுத்தார். படித்திருப்பார். மொத்தம் மூன்று வரி. நான் கடம்பூருக்குப் போய்ப் பெண் வீட்டாரைப் பற்றி ஊரில் விசாரித்தது உனக்குத் தெரிந்துவிட்டது. இனி யாரையும் விசாரிக்காமல் இருக்க முடியுமானால் கல்யாணத்துக்கு வாருங்கள். முடியாதென்றால் வர வேண்டாம். அம்மா கேட்டதற்கு, நீ சௌக்கியம் என்று எழுதியிருப்பதாகச் சொன்னேன். அவள் நம்பவில்லை. "சௌக்கியம்னு எழுதுனதுக்கா மூணு தடவ படிக்கிய?" என்றாள்.

முடியும் என்று ஒரு வரி எழுதிப் போட்டிருக்கலாம். எழுதினேன். கிழித்தேன். அது பொய் என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். முடியாது என்று எழுதினால் உன் கல்யாணத்தில் நான் இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு விஷயம் இருக்கிறது. நாலு வருஷமாக உன்னிடம் சொல்லாதது. நான் உன்னைத் திருடன் என்று நினைத்திருந்தேன். அதைச் சொல்லாமல் உன் கேள்விக்கு என்னால் பதில் எழுத முடியவில்லை. அதனால் இது நீளும்.

இருபத்தெட்டு வருஷம் கோவில்பட்டி ஸ்டேஷனில் டிக்கெட் கொடுத்தவன் நான். ஜன்னலின் அரையடி ஓட்டை வழியாக எனக்குத் தெரிந்ததெல்லாம் கைகள்தான். கை ஒரு ரூபாயை நீட்டும். வாங்கி மேஜையில் பதித்திருந்த கருங்கல்லின் மேல் போடுவேன். கிண்ணென்றால் வெள்ளி. தொப்பென்றால் ஈயம். தொப்பென்றதை வாங்கிப் பெட்டியில் போட்டுவிட்டால் அது என் சம்பளத்தில் போகும். வாங்காமல் திருப்பினால் ஜன்னலுக்கு வெளியே சண்டை. ஒருமுறை ஒரு கரிசல்காட்டுச் சம்சாரி, பருத்தி போட்டுவிட்டுத் திரும்புகிறவர், "பருத்தி வித்த காசு சாமி, நான் என்ன வீட்டுலயா அடிச்சேன்?" என்றார். வேறு ரூபாய் கொடும் என்றேன். "வேற இருந்தா இத ஏன் உங்ககிட்ட நீட்டுதேன்?" அவருக்குப் பின்னால் வரிசையில் நின்ற யாரோ, "விடும்வே, ராசா மீசைய எண்ணி முடிக்கட்டும். ரயில் நாளைக்கும் வரும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் வாங்கவில்லை. அவர் போகவேண்டிய வண்டி போய்விட்டது. பிறகு கல்லில் போடுவதற்கு முன்பே, கையைப் பார்த்தே சந்தேகப்படக் கற்றுக்கொண்டேன். வியர்த்த கை. வண்டி வரும் சத்தம் கேட்ட பிறகு அவசரமாக நீளும் கை. காசைச் சுண்டுவிரலுக்குக் கீழே மறைத்து நீட்டும் கை. பத்தில் இரண்டு தடவை சரியாக இருந்தது. மற்ற எட்டை மறந்துவிட்டேன்.

அந்தப் பழக்கம் சட்டையோடு வீட்டுக்கும் வந்தது. உன் ஐந்தாம் வகுப்பு மார்க் அட்டையை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தேனே, நினைவிருக்கிறதா? கணக்கில் தொண்ணூற்றாறு. நான் ஒன்பதின் வாலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது எழுபத்தாறாக இருந்திருக்குமோ என்று. நீ என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். நான் பெருமையாகப் பார்ப்பதாக நினைத்திருப்பாய்.

வெள்ளைக்காரன் காலத்துக் காசுகளைச் சேர்க்கத் தொடங்கியதும் அந்த ஜன்னலில்தான். நல்லதாக ஒன்று வந்தால் என் பையிலிருந்து ஒரு ரூபாயைப் பெட்டியில் போட்டு அதை எடுத்துக்கொள்வேன். ராணி என்று போட்ட விக்டோரியா, பிறகு சக்கரவர்த்தினி என்று போட்ட விக்டோரியா, வழுக்கைத் தலையோடு எட்வர்டு, கிரீடம் வைத்த ஐந்தாம் ஜார்ஜ். எனக்குச் சிநேகிதர் என்று இருந்தவர் பித்தளைப் பாத்திரக் கடை ராவுத்தர் ஒருவர்தான். பழைய பாத்திரங்களை எடைக்கு வாங்குவார். செம்புக்குள்ளும் குத்துவிளக்கின் அடியிலும் காசுகள் வரும். காசைத் தரம் பார்க்க எனக்குச் சொல்லித் தந்தது யாருமில்லை. நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் மறுத்து மறுத்துக் கற்றுக்கொண்டோம். காசு முதலில் தேய்வது மேட்டில். ராஜாவின் காது, புருவம், கிரீடத்து முத்து. அங்கே கூர்மை இருந்தால் அது அதிகம் கைமாறாத காசு. அடுத்தது கருமை. வெள்ளி தானாகக் கறுக்க வருஷக்கணக்காகும். எழுத்துகளின் இடுக்கிலும் ஓரத்திலும் அது மெல்லப் படியும். அதைத் துலக்கி எடுத்தால் காசு பளபளக்கும், பார்க்கிறவன் சந்தோஷப்படுவான், சேர்க்கிறவன் தொடமாட்டான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்றாம் வருஷத்து ரூபாய் ஒன்று உண்டு. ராஜாவின் மேலங்கியில் ஒரு சின்ன யானை தொங்கும். அந்த வருஷத்து அச்சில் தும்பிக்கை குட்டையாகப் போய்விட்டது. யானை பன்றி மாதிரி இருக்கிறது என்று நாடெங்கும் பேச்சாகி, அரசாங்கம் முக்கால்வாசியைத் திரும்ப வாங்கி உருக்கிவிட்டதாகச் சொல்வார்கள். அடுத்த வருஷம் முதல் தும்பிக்கை நீண்டுவிட்டது. அதனால் பதினொன்றாம் வருஷத்து ரூபாய் கிடைப்பது அரிது. மணியாச்சி ஸ்டேஷனில் லீவில் போனவருக்குப் பதில் வேலைக்குப் போயிருந்தபோது, தூத்துக்குடி வண்டிக்குக் காத்திருந்த ஒரு ஆள் எனக்கு ஒன்று விற்றான். கல்லில் போட்டேன். கிண்ணென்றது. தராசில் போட்டேன். ஒரு தோலா, குறையில்லை. வருஷத்தைக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பதினொன்று. கொடுத்த விலையை இன்றும் உன் அம்மாவிடம் சொன்னதில்லை. ராவுத்தரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் காசின் வருஷத்தைப் பார்க்கவே இல்லை. திருப்பி மறுபக்கத்தைப் பார்த்தார். "என்னவே இது, யானைக்குத் தும்பிக்கை முளைச்சிருக்கு" என்றார். பதினேழாம் வருஷத்து ரூபாயில் ஏழின் மேல்கோட்டை அரத்தால் ராவி ஒன்றாக்கியிருந்தான். நல்ல வெள்ளி, நல்ல எடை, நல்ல சத்தம். ஒரு இலக்கம் மட்டும் பொய். "இத்தன பேரு காச ஜன்னலுக்கு வெளிய தள்ளுனீரே, ஒரு சாபமாவது பலிக்காண்டாமா?" என்று ராவுத்தர் வெகுநேரம் சிரித்தார். அன்றைக்கு முடிவு செய்தேன். இனி நல்லது என்று தெரிந்தாலும், நல்லது இல்லாத ஒரு இடத்தைக் கண்டுபிடிக்காமல் விடுவதில்லை.

நிஜமான பதினொன்று நயா பைசா வந்த வருஷம் ராவுத்தரிடம் வந்தது. பாஞ்சாலங்குறிச்சிப் பக்கமிருந்து யாரோ எடைக்குப் போட்ட ஒரு சொம்புக்குள் கிடந்தது. மழைக்கு நனைந்த கரிசல் மாதிரி கறுப்பு. எனக்கு ஆள் அனுப்பினார். "எங்க வாப்பா கடையில இத வாங்க மாட்டேன்னு திருப்பிக் குடுத்தாராம்வே. பன்னி போட்டிருக்குன்னு துணிய வச்சுத்தான் தொட்டாராம்" என்றார். நீர் கையில் வைத்திருக்கிறீரே என்றேன். "எனக்குத்தான் அது யானன்னு தெரியுமே. வாப்பாவுக்குக் கண்ணாடி கிடையாது." என்னிடம் இரண்டாக இருந்த ராணி ரூபாய் ஒன்றை வாங்கிக்கொண்டு அதை எனக்குத் தந்தார். நான் வாங்கிவிட்டு மூன்று நாள் சோதித்தேன். நாலாம் நாள் திரும்பவும் அவர் கடைக்கே போய் அவர் தராசில் போட்டேன். "கல்லுல போட்டாச்சு, தராசுல போட்டாச்சு. இனி கோயில்ல கொண்டுபோய்ச் சூடம் அணைச்சுச் சத்தியம் வாங்கும்" என்றார். கடைசியில் நம்பினேன். நம்பியதும் அது என்னுடையதாகிவிட்டது. காசுகளைக் குறித்துவைக்கும் நோட்டில் அந்தக் காசுக்கு நேரே எழுதினேன்: குறையில்லை. வேறு எந்தக் காசுக்கும் நான் அப்படி எழுதியதில்லை.

அடுத்த வருஷம் ஆயுத பூஜைக்கு நீ பாளையங்கோட்டை காலேஜிலிருந்து விடுமுறையில் வந்தாய். பூஜைக்கு முதல் நாள். ஊரெல்லாம் கருவிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். தீப்பெட்டிக் கம்பெனி வாசல்களில் வாழை கட்டியாகிவிட்டது. நான் வேலை முடிந்து கடைத்தெரு வழியாக வந்தேன். நீ ராவுத்தர் கடையிலிருந்து வெளியே வந்தாய். தலை குனிந்திருந்தது. இடது கை சட்டைப் பையை அழுத்திக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் "சும்மா வந்தேம்ப்பா" என்றாய். நான் எதுவும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொன்ன ஒருவனையும் நான் ஜன்னலில் நம்பியதில்லை. வீடு வரைக்கும் சேர்ந்து நடந்தோம். நீ காலேஜைப் பற்றி நிறையப் பேசினாய். வழக்கமாக நீ அவ்வளவு பேசமாட்டாய்.

விஜயதசமி அன்று, சேர்த்த காசுகளை வைக்கும் என் பெட்டியைத் திறந்தேன். பதினொன்று இருந்த குழியில் வேறு காசு இருந்தது. அப்படித்தான் எனக்குத் தெரிந்தது. கல்யாண வீட்டுக் குத்துவிளக்கு மாதிரி மின்னியது. ராஜாவின் கன்னத்தில் முடி முடியாகக் கீறல்கள். வருஷத்துக்குப் பக்கத்தில், ஓரத்தில் ஒரு வெட்டு. கல்லில் போட்டேன். வெள்ளி. தும்பிக்கையைப் பார்த்தேன். குட்டை. அப்படியானால் இதுவும் பதினொன்றுதான், ஆனால் என்னுடையது இல்லை. என்னுடையதில் குறையில்லை என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன். இதில் குறை இருக்கிறது. எனவே ராவுத்தரிடம் இரண்டு இருந்திருக்க வேண்டும். மட்டமானதை நீ அவரிடம் வாங்கிக்கொண்டு நல்லதை அவரிடம் கொடுத்திருக்க வேண்டும். வித்தியாசத்துக்குப் பணம் வாங்கியிருக்க வேண்டும். இவ்வளவையும் யோசிக்க எனக்கு ஒரு வெற்றிலை போடும் நேரம்கூட ஆகவில்லை. ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தது. அவ்வளவு சுலபமாக உட்கார்ந்ததைத்தான் நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

நீ கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தாய். உன் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். இதை எழுத ஒரு பகல் எடுத்துக்கொண்டேன். வேட்டிகளுக்கு அடியில் ஒரு கைக்கடிகாரம் இருந்தது. உனக்கு நான் கடிகாரம் வாங்கித் தந்ததில்லை. திரும்பவும் அதே மடிப்பில் வைத்து மூடினேன். மத்தியானம் அம்மாவிடம் கேட்டேன், உன்னிடம் கேட்கவில்லை. அவள், "அவன் ரூம்ல இருக்க பையனோடது. இங்கன ரிப்பேருக்குக் குடுக்கக் கொண்டாந்திருக்கான். ஏன், அதுல என்ன வந்துது?" என்றாள். உன்னைக் காப்பாற்றச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அவளையும் சந்தேகத்தில் சேர்த்துக்கொண்டேன். "நீங்க யாரத்தான் நம்புவிய?" என்று அவள் கேட்டது, எனக்கு ஏதோ ஒப்புக்கொள்வது போலக் கேட்டது. சாயங்காலம் கடைக்குப் போய் ஒரு பூட்டு வாங்கி வந்து காசுப் பெட்டியில் மாட்டினேன். நீ பார்த்தாய். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ராத்திரி வண்டியில் போக இருந்தவன், மத்தியானத்து வண்டியிலேயே போகிறேன் என்று மறுநாள் காலையில் சொன்னாய்.

ஒரு வாரம் கழித்து ராவுத்தர் கடைக்குப் போனேன். நேராகக் கேட்கவில்லை. நேராகக் கேட்பவன் நேராகப் பொய் வாங்குவான் என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன். உம்மிடம் வேறு பதினொன்று ஏதாவது இருந்ததா என்று கேட்டேன். அவர் என்னை ஒருமுறை பார்த்தார். "என்னவே சொல்லவாரீரு? தெறந்து சொல்லும்." காசை எடுத்து வைத்தேன். இது என்னுடையதில்லை, மாற்றப்பட்டிருக்கிறது என்றேன். என் மகன் இங்கே வந்ததைப் பார்த்தேன் என்றேன். மற்றதைச் சொல்லவில்லை. சொல்லவேண்டியிருக்கவில்லை. ராவுத்தர் எழுந்து உள்ளே போய் ஒரு பழைய காலண்டர் கட்டைக் கொண்டுவந்தார். தன் கைக்கு வரும் ஒவ்வொரு காசையும் காலண்டர் தாளின் பின்பக்கத்துக்கு அடியில் வைத்துப் பென்சிலால் தேய்த்து உருவம் எடுத்து வைப்பது அவர் வழக்கம். எனக்குக் கொடுத்த பதினொன்றின் உருவத்தைத் தேடி எடுத்து, காசுக்குப் பக்கத்தில் வைத்தார். வருஷத்துக்குப் பக்கத்தில், ஓரத்தில், அதே வெட்டு.

"நான் தரும்போதே இருந்த வெட்டுவே இது. கறுப்புல மறைஞ்சு கிடந்துது. குறையில்லைன்னு எழுதுனது யாரு, நானா?"

அப்படியானால் இதை யார் துலக்கியது, என் மகன் எதற்கு இங்கே வந்தான் என்று கேட்டேன்.

"அத அவன்கிட்டப் போய்க் கேளும். எங்கிட்ட ஏன் கேக்கீரு? நான்தான் களவாணியாச்சே."

கடையில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். ஒருவர் குடம் பார்த்துக்கொண்டிருந்தார். ராவுத்தர் அவரிடம் திரும்பி, வழக்கமான குரலில் விலை சொன்னார். நான் காசை எடுத்துக்கொண்டு இறங்கினேன். அதற்குப் பிறகு நாலு வருஷம் ஸ்டேஷனுக்குச் சுற்று வழியில் போனேன்.

காசு அதேதான் என்று தெரிந்த பிறகாவது உனக்கு எழுதியிருக்கலாம். பூட்டையாவது எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. சந்தேகம் பொய்யென்று ஆனதும் செத்துப்போவதில்லை, வீடு மாற்றிக்கொள்கிறது. காசு மாறவில்லை, சரி. பிறகு எதற்குத் தலையைக் குனிந்துகொண்டு வந்தாய்? விற்கப் போய் விலை படியவில்லையோ? ராவுத்தர் ஏன் சொல்ல மறுத்தார்? இப்படி. உன்னிடம் கேட்டால் நீ ஒரு பதில் சொல்வாய், அது நன்றாகவே இருக்கும், நன்றாக இருக்கிறதே என்று நான் அதையும் சந்தேகிப்பேன் என்று எனக்குத் தெரிந்திருந்தது. கேட்காமல் இருப்பது உனக்குச் செய்யும் தயவு என்றுகூட நினைத்தேன். அடுத்த ஆயுத பூஜைக்கு உனக்குப் பரீட்சை. அதற்கடுத்ததற்குக் காய்ச்சல். பிறகு வேலை, லீவு இல்லை. அம்மா ஒவ்வொரு தடவையும் உனக்கென்று சுண்டல் எடுத்து வைத்துவிட்டு, மறுநாள் அதைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாள். நான் உன் காரணங்களை மனதுக்குள் விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பூட்டு காரணம் என்று தோன்றவே இல்லை.

இப்போது கடம்பூர். பெண்ணை நீயே பார்த்துவிட்டாய், ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை, நம் ஆட்கள்தான், அப்பா பலசரக்குக் கடை வைத்திருக்கிறார் என்று எழுதியிருந்தாய். நம் ஆட்கள்தானா என்பதையும் விசாரித்தேன். முதலில் ஸ்டேஷன் போர்ட்டரிடம், பழைய பழக்கம். பிறகு போளிக் கடையில். பிறகு பள்ளிக்கூடத்துக்கு எதிரே தையல் கடையில். மூன்று பேரும் நல்லதாகவே சொன்னார்கள். போளிக் கடைக்காரர், "தங்கமான மனுசன் அண்ணாச்சி, தராசு முள்ளு ஒரு பக்கம் சாயாது" என்றார். மூன்று பேரும் ஒன்றுபோலச் சொல்கிறார்களே, சொல்லிவைத்திருப்பார்களோ என்று நினைத்துக்கொண்டு அந்தக் கடைக்கே போனேன். அரைக்கால் படி மிளகு கேட்டேன். அவர் அளந்து, பொட்டலம் கட்டி, நூலைச் சுற்றிக்கொண்டே, "கோவில்பட்டியிலேருந்து மெளகு வாங்கவா இவ்வளவு தூரம் வந்திய?" என்றார். நான் பொட்டலத்தை வாங்கக் கையை நீட்டினேன். "மாப்பிள்ளைக்கும் உங்களுக்கும் ஒரே காது. உள்ள வாங்க. பொண்ணு வீட்டப் பத்திக் கேக்கதுல ஒரு தப்பும் கிடையாது. ஆனா போளிக் கடையில போய்க் கேட்டா அவனுக்கு என்ன தெரியும்? எனக்குக் கடன் எவ்வளவு, எங்க அம்மைக்கு எந்தக் கையி வராம கிடக்கு, எல்லாம் எங்கிட்டக் கேளுங்க. நானே சொல்லுதேன்." சொன்னார். நான் கேட்காததையும் சொன்னார். காபி வந்தது. மிளகுக்குக் காசு வாங்கவில்லை. வண்டியில் திரும்பும்போது, இவ்வளவு திறந்து பேசுகிறவர் எதை மறைக்கிறார் என்று யோசித்துக்கொண்டு வந்தேன். நான் எப்படிப்பட்டவன் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக இதையும் எழுதுகிறேன்.

அதற்குப் பிறகுதான் உன் கார்டு. அதைப் படித்துவிட்டு, வெயிலோடு வெயிலாக ராவுத்தர் கடைக்கு நடந்தேன். அவருக்கு இப்போது ஒரு கண்ணில் புரை. என்னை நிழலை வைத்துத்தான் கண்டுபிடித்திருப்பார். "என்னவே, இந்தத் தெருவுக்கு வழி தெரிஞ்சு போச்சா?" என்றார். நான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். அன்றைக்கு என் மகன் எதற்கு வந்தான்?

"நாலு வருசமா அவன்கிட்டக் கேக்கலையா?"

இல்லை என்றேன்.

"நாலு நிமிசத்துல முடிஞ்சிருக்கும்" என்றார். பிறகு ஒரு சொம்பை எடுத்துத் துடைத்தார். "உம்மகிட்டச் சொல்லக் கூடாதுன்னு கேட்டுக்கிட்டான். அதான் அன்னைக்கு வாயத் தொறக்கல. இப்ப கல்யாண மாப்பிள்ள. இனி உமக்குப் பயப்பட மாட்டான். சொல்லுதேன்."

அவர் சொன்னது உனக்குத் தெரியும். இருந்தாலும் நான் கேட்டபடி எழுதுகிறேன், எனக்குத் தெரிந்துவிட்டது என்று உனக்குத் தெரியட்டும். எல்லாரும் தங்கள் கருவியைத் துலக்கிப் பூஜையில் வைக்கிறார்கள், அப்பாவுக்கு என்ன இருக்கிறது, காசுதானே என்று யோசித்து, பெட்டியில் மேலானதை எடுத்து, காலையெல்லாம் புளியும் திருநீறும் போட்டுத் தேய்த்திருக்கிறாய். அதை வைக்க ஒரு சின்னப் பித்தளைத் தட்டு வாங்க ராவுத்தரிடம் போயிருக்கிறாய். பெருமையாக எடுத்துக் காட்டியிருக்கிறாய். அவர் தலையில் அடித்துக்கொண்டார். "அவன் மூஞ்சியப் பாக்கச் சகிக்கலவே. திரும்பக் கறுக்க வைக்க முடியுமா மாமா, அடுப்புப் பொகையில காட்டட்டுமா, அப்பா வாரதுக்குள்ளன்னு கேக்கான். ஏலே, அது பொய்க் கறுப்பு, உங்கப்பா மோந்தே கண்டுபிடிச்சிருவாருன்னேன். அப்பாகிட்டச் சொல்லிரு, அடிச்சாலும் ஒரு அடிதான்னேன். சரின்னுதான் எந்திரிச்சான். எறங்குன எடத்துல நீரு நிக்கீரு."

நான் நின்றேன். நீ "சும்மா வந்தேம்ப்பா" என்றாய்.

அந்த இடத்தையே திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். நீ சொல்ல வாயெடுத்திருப்பாய். என் கண் உன் சட்டைப் பையில் இருந்திருக்கும். அதைப் பார்த்த பிறகு யாருக்கும் சொல்ல வராது. சொல்லாமலே காசைப் பெட்டியில் திரும்ப வைத்திருக்கிறாய். ராவுத்தரிடம் நான் ஏதோ சொல்ல முயன்றேன். அவர், "விடும். நீரு என்னச் சந்தேகப்பட்டது பெருசில்ல, யாவாரின்னா நாலு பேரு சந்தேகப்படத்தான் செய்வான். பெத்த பிள்ளையக் கூட்டுக் களவாணியாக்கிட்டீரே, அதான் மனசுக்கு ஆகல" என்றார். கல்யாணத்துக்குத் தன்னை நீ அழைத்திருப்பதாகவும் சொன்னார். எனக்கு அது தெரியாது. அவர் நிச்சயம் வருவார்.

நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். இந்த ஒரு வரியை எழுத எனக்கு இவ்வளவு காகிதம் வேண்டியிருந்தது. நீ மன்னிப்பாயா என்று ஊகிக்கப் போவதில்லை. அம்மாவிடம் எல்லாவற்றையும் நேற்றுச் சொன்னேன், டிரங்குப் பெட்டி உட்பட. அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைக்கவில்லை. "அவன் அன்னைக்குப் புளி கேட்டான். நான்தான் எடுத்துக் குடுத்தேன்" என்றாள். அதை ஏன் அப்போதே என்னிடம் சொல்லவில்லை என்று அவளைக் கேட்டேன். "நீங்க கடியாரத்தப் பத்தித்தான் கேட்டிய. காசப் பத்தி எங்கிட்ட எப்பக் கேட்டிய?"

கல்யாணம் ஆகப் போகிறவனுக்கு அப்பா நாலு வார்த்தை சொல்வது முறை. எனக்கு அந்தத் தகுதி இருப்பதாக நீ நினைக்க மாட்டாய். ஆனாலும் ஒன்று. உன்னிடமும் இந்தக் குணம் கொஞ்சம் இருக்கிறது. நான் உன்னிடம் கேட்கவில்லை, உண்மை. பூட்டைப் பார்த்துவிட்டு நீயும் என்னிடம் கேட்கவில்லை. என்னைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்தாய், மத்தியானத்து வண்டியில் போய்விட்டாய். அந்த முடிவு சரியாகவே இருந்தது, அது வேறு. ஒருநாள் உன் மனைவியின் முகம் மாறியிருக்கும். வீட்டில் ஒரு பொருள் இடம் மாறியிருக்கும். உன் மனம் உடனே கணக்குப் போட்டு ஒரு விடையை எடுத்துக் காட்டும், எல்லாம் பொருந்தும், ஓர் ஓட்டைகூட இருக்காது. அப்போது எழுந்துபோய் அவளிடம் கேள். அவள் எரிந்துவிழுந்தாலும் கேள். நான் அப்படிச் செய்யாத ஒரு வாரம் நாலு வருஷமாகிவிட்டது.

உன் கேள்விக்குப் பதில். யாரையும் சந்தேகிக்காமல் என்னால் இருக்க முடியாது. ஐம்பத்தெட்டு வயதில் அதைக் கழற்றி வைக்கத் தெரியவில்லை. வாருங்கள் என்று எழுதினால் வருவேன், ஊர் வாய்க்குப் பயந்து கூப்பிடுகிறானோ என்று வண்டியில் யோசிப்பேன். வர வேண்டாம் என்று எழுதினால் வரமாட்டேன், அம்மாவை அனுப்பிவைப்பேன், யார் சொல்லி அப்படி எழுதினான் என்று இங்கே உட்கார்ந்து யோசிப்பேன். ஆனால் அம்மாவைக் கேட்க மாட்டேன். ராவுத்தரைக் கேட்க மாட்டேன். கடம்பூரில் ஒருவரையும் கேட்க மாட்டேன். உன்னிடம் கேட்பேன். நீ சொல்வதோடு நிறுத்திக்கொள்வேன்.